சொட்டு விழுந்த தட்டு

சொட்டு விழுந்ததா இல்லையா என்பதிலேயே இளவரசிக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. விழாமல் என்ன, கண்ணால் பார்த்தாளே. அவள் போட்டிருந்த நீலக் கோட்டின் கை மடிப்பிலிருந்து நழுவி, வெள்ளை வளையம் ஒன்றின் மேல் பட்டு, சிலேட்டுக் குச்சியில் எச்சில் பட்டது போலச் சாம்பலாக ஒரு பொட்டு வைத்து, அவள் இமை மூடித் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டது. உள்ளே போன பிறகு வெளியே ஒன்றுமில்லை. எல்லா வளையமும் ஒரே வெள்ளை. ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு, நாற்பத்தொன்பது வளையம், மோட்டார் பம்புக்குள் போகிற பீங்கான் வளையம், எல்லாம் கைப்பிள்ளைக்குப் போடுகிற வளையல் அளவு. அந்த நேரம் பார்த்து அவள் ஒரு புத்திகெட்ட வேலை செய்தாள். கடைசி வரிசை அடுக்கக் கை எட்டாதபோது தட்டைத் திருப்பிக்கொள்வது பழக்கம், அதே பழக்கத்தில் பதறிப்போய்த் தட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். அரைச் சுற்றா முழுச் சுற்றா, அதுவும் நினைவில்லை. மூன்றாவது வரிசை என்று ஒரு நினைப்பு நிற்கிறது. மூன்றாவது என்றால் இந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவதா, அந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவதா. அந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது என்றால் இந்தப் பக்கத்திலிருந்து ஐந்தாவது. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள், சரியாகத்தான் வந்தது, ஆனால் சரியாக வந்து என்ன பிரயோசனம். சுவர்க் கடிகாரம் பத்து நாற்பத்தைந்து காட்டியது. பதினொன்றுக்கு உலைக் கதவு மூடிவிடும். மூடினால் இரண்டு நாள் கழித்துத்தான் திறப்பார்கள்.

அது தண்ணீராக இருந்தால் ஒன்றுமே இல்லை, காய்ந்துவிடும், கவலைப்படவே வேண்டாம். பத்தரைக்கு டீ மணி அடித்ததும் மற்ற பெண்கள் எல்லோரும் வெளி மரத்தடிக்குப் போக, அவள் மட்டும் வயிறு சரியில்லாதவள் மாதிரி கக்கூசுக்குப் போனாள், நாலு மாதமாகத் தினமும் போவது போல. பத்தரை என்பது அவள் கைப்பிள்ளை கயல்விழி வீட்டில் அழுகிற நேரம். நாத்தனார் வசந்தி அதற்குப் புட்டிப்பால் கலக்குவாள், கயல்விழி துப்புவாள், பிறகு குடிப்பாள். இங்கே விருத்தாசலம் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு கக்கூசுக்குள் அவள் மார்புக்கு அது எப்படித் தெரிகிறதோ, மணி அடிப்பதற்கு முன்பே கல்லாகிவிடும். கதவைத் தாழ்போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே போகாமல் பீய்ச்சி விடுவாள். குழாய்த் தண்ணீரோடு சேர்ந்து அது வெள்ளையாகச் சுழித்து ஓட்டைக்குள் போகும்போது அவள் பார்க்க மாட்டாள், சுவரைப் பார்ப்பாள். இன்றைக்கும் சுவரைத்தான் பார்த்தாள். பிறகு கை கழுவினாள். முழங்கை வரை கழுவினாளா? கோட்டுக் கையை முதலில் இறக்கிவிட்டுக் கழுவினாளா, கழுவிவிட்டு இறக்கினாளா? இறக்கிவிட்டுக் கழுவியிருந்தால் கோட்டில் இருப்பது தண்ணீர். கழுவிவிட்டு இறக்கியிருந்தால், கழுவும்போது கோட்டுக் கை மேலே சுருட்டி இருந்திருக்கும், அதற்கு முன்பே அதில் பட்டிருந்தால் அது பால். இப்போது மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். கையுறைக்கு மேல் ஈரம் எப்படித் தெரியும். கையுறையைக் கழற்றித் தொட்டாள். ஈரம்தான். என்ன ஈரம் என்று ஈரம் சொல்லவில்லை.

பாலாக இருந்தால் என்ன, பொருள் பாழ், அவ்வளவுதானே என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. அவ்வளவுதானா. மேலிடத்தில் சொல்லத் தட்டோடு போகிறவள் என்ன பால் என்பதையும் சொல்ல வேண்டும். டீ டம்ளரை உள்ளே கொண்டு வரவே விடமாட்டார்கள், அதனால் டீ என்று சொல்ல முடியாது. ஆள் எடுக்கிற பாவாடைசாமி அன்றைக்கே சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தார், "புள்ளைக்கி எத்தினி வயசுன்னு கேப்பாங்க, ரெண்டு முடிஞ்சுதுன்னு சொல்லும்மா, கைப்புள்ளக்காரின்னா வாணாம்னுடுவாங்க, பால் குடுக்கப் போறேன் பால் குடுக்கப் போறேன்னு பாதி நாளு ஆளு இருக்காதாம்." சூப்பர்வைசர் தணிகாசலம் சார் ரிஜிஸ்தரில் குனிந்தபடியே கேட்டார். அவள் சேலைத் தலைப்பைப் பார்த்தபடி இரண்டு என்றாள். அப்போது கயல்விழிக்கு மூன்று மாதம். சொன்ன வாய் அன்றைக்கு முழுக்கக் கசந்தது. அருள்குமார், அவள் வீட்டுக்காரன், "நல்லதுக்குத்தானே சொன்ன, வுடு" என்றான். நல்லதுக்குத்தான். தச்சு வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்து அவன் முழங்கால் அடிபட்டு வீட்டோடு உட்கார்ந்திருந்த சமயம். இப்போது நடக்கிறான், ஆனால் ஏற மாட்டேன் என்கிறான். அவனைக் கேட்டால் இப்போதும் வுடு என்றுதான் சொல்வான். விட்டுவிட்டால் என்ன. நாற்பத்தொன்பதில் ஒன்று. இரண்டு நாள் நெருப்பு. ஆயிரத்து அறுநூறு டிகிரியில் பால் எங்கே இருக்கும், மாடே நின்றாலும் இருக்காது.

ஆனால் நஸ்ரின் மேடம் காட்டிய அந்தப் படம். மேடம் திருச்சிப் பக்கம், இவளைவிட இரண்டு மூன்று வயதுதான் மூப்பு இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு சின்ன அறையில் உடைந்த துண்டுகளையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேலைக்குச் சேர்ந்த வாரம் எல்லாப் பெண்களையும் உட்காரவைத்துத் திரையில் படம் போட்டுச் சொன்னாள். முதல் படத்தில் ஜவ்வரிசியைக் கொட்டிவைத்தது போல மணி மணியாக இருந்தது. அதுதான் நீங்கள் கையில் எடுக்கிற, இன்னும் சுடாத பச்சை வளையம், பொடியும் பசையும் அழுத்தி வைத்தது, அவ்வளவுதான், தட்டினால் உதிரும் என்றாள். அடுத்த படத்தில் மணிகள் எல்லாம் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு, ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்த மண் போல, இடைவெளியே இல்லாமல். உருகவில்லை, நல்லாக் கேட்டுக்குங்க, உருகவே இல்லை, தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒட்டிய இடம் கழுத்து மாதிரி தடித்து வளர்ந்து, நடுவில் இருந்த ஓட்டையெல்லாம் ஓரத்து வழியாக வெளியே போய்விடுகிறது, அதனால்தான் வளையம் சிறுத்து வருகிறது, அதற்குப் பிறகு இரும்பை வைத்துக் கீறினாலும் விழாது. உருகாமல் எப்படி ஒட்டும் என்று இளவரசிக்கு அன்றைக்குக் கேட்க வேண்டும் போல இருந்தது. வெல்லம் ஒட்டுகிறது என்றால் இளகுகிறது. மெழுகு ஒட்டுகிறது என்றால் உருகுகிறது. இது கட்டியாகவே இருந்துகொண்டு எப்படி. ஐந்தாவது வரை படித்தவள் எழுந்து கேட்டால் மேடம் சிரிக்க மாட்டாள், ஆனால் பின்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கேட்கவில்லை. அப்புறம் மேடம் சொன்னாள், அவசரமாகச் சூடேற்றினால் ஓட்டை ஓரத்துக்குப் போவதற்குள் மணி பெரிதாக வளர்ந்து ஓட்டையை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும், அப்புறம் எத்தனை நாள் சுட்டாலும் அது வெளியே வராது. அந்த ஒன்று மட்டும் அவள் மனசில் தங்கிவிட்டது. எதற்கு என்று இன்னும் தெரியாது.

கடைசிப் படம் ஓர் உடைந்த வளையம். உடைந்த இடத்தில் மெலிசாகப் புழு ஊர்ந்த தடம். அது ஒரு தலைமுடி என்றாள் மேடம். முடி நெருப்பில் எரிந்து போய்விட்டது, ஆனால் முடி இருந்த இடம் போகவில்லை, ஓட்டையாக நின்றுவிட்டது, பம்பில் போட்டுச் சுழலவிட்டதும் அங்கேதான் விரிசல் விட்டது. ஆக எரிந்துபோவது என்பது போவது இல்லை. அதற்குப் பிறகு தொப்பி, அதற்குப் பிறகு பவுடர் கூடாது, விபூதி கூடாது, வெற்றிலை கூடவே கூடாது. சுண்ணாம்பு பட்டால் அந்த இடத்தில் மட்டும் மணி கண்டபடி வளர்ந்து வளையம் சொத்தையாகிவிடும் என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பாலில் என்ன இருக்கிறது. அங்கன்வாடியில் போன மாதம் கயல்விழியை எடை போட்ட நர்சம்மா, கேழ்வரகு சாப்பிடு, கீரை சாப்பிடு, உன் எலும்பில் இருக்கிற சுண்ணாம்பைத்தான் உன் பிள்ளை பாலாக் குடிக்குது என்றாள். அந்தச் சுண்ணாம்பும் வாசலில் எழுதியிருக்கிற சுண்ணாம்பும் ஒன்றா. ஒரு சொட்டில் எவ்வளவு இருக்கும். ஒரு கடுகில் நூறில் ஒரு பங்கு இருக்குமா. தன் எலும்பு ஒன்று அந்த வளையத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்ட மாதிரி ஒரு நினைப்பு வந்தது, இடது தோள்பட்டையில் வலித்தது. வலிக்கவில்லை, சும்மா அப்படி இருந்தது.

மோந்து பார்த்தால் தெரியுமோ என்று தட்டுக்கு மேல் குனிந்தாள். மூன்றாவது வரிசை. ஐந்தாவது வரிசை. எல்லாவற்றிலும் பசையின் வாடை, கஞ்சி போட்ட துணி காய்ந்த வாடை. தலைக்கு மேலே, "ஏண்டி, முறுக்கா வேகுது, மோந்து மோந்து பாக்குற?" என்று ரோசாலி அக்காவின் குரல். ரோசாலி அக்கா உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் அடுப்பிலிருந்து காய்ந்து வரும் வளையங்களைத்தான் இவர்கள் தட்டில் அடுக்குவது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இளவரசி ஒன்றுமில்லை என்பது போலத் தலையாட்டினாள். "வாயத் தொறந்து சொன்னா தேஞ்சா போயிடும். நாலு மாசமாச்சி, ஒன் சத்தத்தக் கேக்க நான் காது டாக்டர்கிட்டதான் போவணும் போலருக்கு." பக்கத்து மேசைப் பெண்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. இளவரசியும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இவளிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். மூன்று பிள்ளை பெற்றவள். ஆனால் இவள் வாயில் விழுந்தால் சாயந்திரத்துக்குள் கேட் வாட்ச்மேன் வரை போகும், கோபத்தில் இல்லை, பாசத்தில் போகும். அக்கா என்று தொடங்கினாள். அடுப்புக்குக் காற்று ஊதும் புளோயர் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. ரோசாலி அதற்குள் அடுப்புப் பக்கம் போய்விட்டிருந்தாள்.

அந்தப் பக்கம் கொளஞ்சி அண்ணன் வண்டியைத் தள்ளிக்கொண்டு முதல் மேசைக்கு வந்துவிட்டார். உலைக்கு அவர்தான் பொறுப்பு. ஐந்தாவது மேசை இளவரசியுடையது. ஒவ்வொரு தட்டையும் தூக்கி வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் அவர் ஒரு வளையத்தை எடுத்து நாக்கில் வைப்பார். நன்றாகக் காய்ந்த வளையம் நாக்கைப் பிடித்து இழுக்கும், ஈரம் மிச்சமிருந்தால் வழுக்கும், வழுக்கினால் அந்தத் தட்டைத் திருப்பி அடுப்புக்கு அனுப்பிவிடுவார், இல்லாவிட்டால் உள்ளே ஆவி கட்டி வளையம் வெடிக்கும். ஈரம் பார்க்க மேடம் ஒரு மீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அது அவர் சட்டைப் பையில் இருக்கிறது. "மீட்டர் பொய் சொன்னா அத என்னா பண்ண முடியும்? நாக்கு பொய் சொன்னா சுட்டுக்கலாம்" என்பார். நாக்கு பட்ட வளையம் டப்பாவுக்குப் போகும். அதற்காகவே தட்டுக்கு ஒன்று கூடுதலாக அடுக்குவது. நாற்பத்தெட்டுதான் கணக்கு, நாற்பத்தொன்பதாவது கொளஞ்சி பங்கு.

அது நினைவுக்கு வந்ததும் இளவரசிக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கொளஞ்சி அண்ணன் சரியாக அந்த வளையத்தையே எடுத்துவிட்டால்? நாக்கில் வைப்பார், டப்பாவில் போடுவார், முடிந்தது, ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் எடுப்பது போல அவளுக்கும் எடுக்கப்போகிறார். எந்த வளையம் என்று மட்டும் தெரிந்தால் அதை ஓரத்தில், அவர் கைக்கு வாகாக வைத்துவிடலாம். ஓரத்தில் இருப்பதைத்தான் எடுப்பார். மூன்றாவது வரிசையின் ஓரத்து வளையத்தைப் பார்த்தாள். இதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இதுவேதான். ஓரத்தில்தானே கை இருந்தது. சொல்லச் சொல்ல அந்த வளையத்தில் சாம்பல் பொட்டு திரும்ப வந்தது போலக்கூடத் தெரிந்தது. எடுத்து வெளி விளிம்புக்கு நகர்த்தி வைத்தாள். அவர் இரண்டாவது மேசையில் இருந்தார், நாக்கை நீட்டி, வளையத்தை வைத்து, விடுவித்து, டப்பாவில் டங்கென்று போட்டார். மூன்றாவது மேசை. நாக்கு. டங். அப்போதுதான், அந்த நாக்கைப் பார்த்தபோதுதான், அவளுக்கு உறைத்தது. உடம்பெல்லாம் கூசிக் குறுகியது. அவர் மனைவி இந்த வழியாகத்தான் தினமும் மதியச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள், இவளைப் பார்த்து வாம்மா போம்மா என்கிறாள். அண்ணே என்று கூப்பிடுகிற மனுசன் நாக்கில் இவளுடைய. தண்ணீராக இருந்தால் பரவாயில்லை. தண்ணீர்தான். தண்ணீர்தான் என்றால் எதற்கு ஓரத்தில் நகர்த்தி வைத்தாய். நகர்த்தியதைத் திரும்ப உள்ளே வைத்தாள். உள்ளே வைத்தால் அது உலைக்குப் போகும், சொத்தையாகும், எங்கேயோ ஒரு ஊரில் மோட்டார் பம்பில் உடையும், அதற்கு முன்பே இங்கே சோதனை மேசையில் உடையும், தட்டுச் சீட்டில் அவள் பெயர் இருக்கிறது, மேடம் உடைந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற அந்தக் கருவியில் வைத்துப் பார்ப்பாள், பார்த்தால் என்ன தெரியும், சொட்டு தெரியுமா, சொட்டு யாருடையது என்று தெரியுமா, முடி தெரிந்ததே. வெளியே வைத்தாள். நாலாவது மேசை. டங். உள்ளே வைத்தாள். எது உள்ளே இருந்தது எது வெளியே இருந்தது என்பதும் இப்போது போய்விட்டது.

வண்டியின் சக்கரம் அவள் மேசையில் இடித்து நின்றது. கொளஞ்சி அண்ணன் அவளைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்க மாட்டார், தட்டை மட்டும்தான் பார்ப்பார். வரிசை நேராக இருக்கிறதா, வளையம் சுருங்கும்போது நகர்வதற்கு அடியில் பொடி தூவியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். கை ஓரத்துக்குப் போகவில்லை. நடுவுக்கும் போகவில்லை. எதையோ எடுத்தது. நாக்கு வெளியே வந்தது. "அண்ணே" என்றாள் இளவரசி. அது புளோயர் சத்தத்துக்கு மேலே கேட்டது. "அத வாயில வெக்காதீங்க."

அவர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, வளையத்தைக் கையில் வைத்தபடி, "ஏம்மா?" என்றார். "பால் பட்டுருக்கு." டீ டம்ளரைத் தேடி மேசையைச் சுற்றிப் பார்த்தார். டம்ளர் இல்லை. அவள் முகத்தைப் பார்த்தார், கோட்டுக் கையைப் பார்த்தார், பிறகு திரும்பி உலைக் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இதுலயா?" "தெரியல. இதுல எதுலயோ ஒன்னுல. தண்ணியாவும் இருக்கலாம்." "தண்ணியா பாலா?" "அதாண்ணே தெரியல." கையில் இருந்த வளையத்தைத் தட்டிலேயே மெதுவாக வைத்தார். "எதுன்னு தெரியலன்னா மொத்தமா ஏத்த முடியாது தங்கச்சி. தட்டு நிக்கட்டும்." சீட்டை உருவினார், காதிலிருந்து பேனாவை எடுத்தார். "ஈரம்னு போட்டுடறேன். ஈரம்னா எவனும் ஒன்னும் கேக்க மாட்டான்." அவள் தலையாட்டினாள். அப்பாடா என்று இருந்தது. அதற்குள் பின்னாலிருந்து, "எந்தத் தட்டுல ஈரம்?" என்று ரோசாலி அக்கா வந்துவிட்டாள். "ஏண்ணே, போன வாரந்தான் என் அடுப்பு சரியில்ல, நான் தூங்குறேன்னு மேடம்கிட்ட எழுதிக் குடுத்தாங்க. இன்னைக்கும் ஈரம்னு போட்டீங்கன்னா என்னய வூட்டுக்குத்தான் அனுப்புவாங்க. எங்க, எந்த வளையம், குடுங்க நான் நாக்குல வெச்சிப் பாக்கறேன்." கையை நீட்டிவிட்டாள். இளவரசி தட்டின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டாள். ரோசாலி முழித்தாள். "ஈரம் இல்லக்கா" என்றாள் இளவரசி. பேனா கொளஞ்சி அண்ணன் விரலில் இருந்தது. எப்படி வாங்கினாள் என்று தெரியாது, வாங்கிவிட்டாள்.

எழுதிப் பழக்கம் விட்டுப்போன கை. பெயர் எழுதுவாள், ரேஷன் கடையில் கையெழுத்துப் போடுவாள், அவ்வளவுதான். காரணம் என்று அச்சடித்திருந்த கோட்டின் மேல் பேனாவை வைத்ததும் எந்த எழுத்தில் தொடங்குவது என்று ஒரு நொடி எல்லாம் வெள்ளையாகிவிட்டது. பால் என்று எழுதினாள். எழுதியதைப் பார்த்தாள். மாட்டுப் பால் என்று நினைத்துவிட்டால் டீயை உள்ளே கொண்டுவந்தாள் என்று ஆகும், அது வேறு ஒருவர் தலையில் போய் விடியும். முன்னால் இடம் இருந்தது, இடுக்கி, என் என்று சேர்த்தாள். என் பால் சொட்டு விழுந்திருக்கலாம். இருக்கலாம் என்பது கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. ரோசாலி அக்கா தோளுக்கு மேலாக எழுத்துக் கூட்டிப் படிப்பது காதில் விழுந்தது, பாதியில் நின்றதும் தெரிந்தது. "அட, இவளே" என்றாள் ரோசாலி, அவ்வளவு மெதுவாக அவள் பேசி இளவரசி கேட்டதில்லை.

தணிகாசலம் சார் வந்து, ஏன் வண்டி நிற்கிறது, மணி ஆகிறது என்றார். கொளஞ்சி அண்ணன் சீட்டை நீட்டினார். சார் படித்தார். மறுபடி படித்தார். காது சிவந்துவிட்டது, ஐம்பது வயது மனுசனுக்கு. "இத மேடம்கிட்ட எப்பிடிம்மா நான் போய்ச் சொல்றது" என்று சீட்டை அவள் பக்கமே திருப்பி நீட்டிவிட்டு, "நீயே குடுத்துடு" என்று கடிகாரத்தைப் பார்க்கப் போய்விட்டார். பின்னால் உலைக் கதவு ஒரு தட்டு குறைவாக மூடும் சத்தம் கேட்டது. அவள் நடந்தாள். சொட்டு தண்ணீராக இருந்தால் இதெல்லாம் எதற்கு என்று ஒரு தடவை நின்றாள். திரும்பிப் பார்த்தாள், தட்டு மேசையில் தனியாக இருந்தது, ரோசாலி அக்கா யாரும் தொடாமல் அதற்குப் பக்கத்தில் காவல் மாதிரி நின்றிருந்தாள்.

கண்ணாடி அறைக்குள் மேடம் சீட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தாள். முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. என்ன இருக்கிறது என்று இளவரசியால் கண்டுபிடிக்க முடியவில்லை. "எத்தனை சொட்டு?" என்றாள். "ஒன்னு. ரெண்டாவும் இருக்கலாம் மேடம்." "அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, தனியா வைக்கச் சொல்லுங்க" என்று சொல்லி, அலமாரியிலிருந்து ஆள் சேர்த்த ரிஜிஸ்தரை எடுத்து, பக்கம் பக்கமாகத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தாள். விரல் அங்கேயே நின்றது. இளவரசி அந்த விரலைப் பார்த்தாள். விரலுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். மேடம் நிமிர்ந்து எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னாள், "புள்ளைக்கி ஏழு மாசம் முடிஞ்சி எட்டு நடக்குது மேடம்."